பொறுமை பழகும் எஞ்சின்

புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு முதல் நாளே நெடுந்தூரம் நடந்தால் கால் கடிக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பழுதுபார்த்துப் புதிதாய்ப் பூட்டிய கார் எஞ்சினுக்கும் அப்படி ஒரு பழகு காலம் உண்டு என்பதை நான் இந்த வருடம்தான் அறிந்தேன். அதைப் பழைய ஓட்டுநர்கள் 'ரன்னிங் இன்' என்பார்கள். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பம் கற்கும் எனக்கு, வகுப்பறையில் படித்த உராய்வும் அமுக்கமும் எங்கள் வீட்டு முற்றத்திலேயே பாடம் நடத்தின. அந்தப் பாடத்தைச் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்களுடையது ஒரு மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான். எழுபதுகளின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுவிட்டாலும், நம் நாட்டு வீதிகளில் இன்றும் அதைக் காணலாம். வாப்பா அந்தக் காரின் பின் இருக்கையைக் கழற்றிவிட்டுத் துணி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு, காத்தான்குடியிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து படுவான்கரைக் கிராமங்களுக்குப் போவார். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த நான்கு சக்கரங்களை நம்பித்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2025இல் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோதும் எங்களைப் போன்றவர்களின் கைக்கு அது எட்டவில்லை. ஆகவே எஞ்சின் நீலப் புகை கக்கத் தொடங்கியதும் வாப்பா அதைப் பிரித்துச் செய்யவே முடிவெடுத்தார்.

சிலிண்டரின் உட்சுவர் தேய்ந்தால் அதைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதுவே 'றீபோர்'. இந்த எஞ்சினுக்கு வழக்கமாகக் கிடைக்கும் பிஸ்டன்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 என்ற கணக்கில் பெரிதாகிச் செல்லும். எங்கள் எஞ்சின் முன்பே 30ஐத் தொட்டிருந்தது. இம்முறை 40. அதாவது மூல அளவைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பெரிது. "தம்பி, இதுதான் கடைசிப் போர். இதற்குப் பிறகு சிலீவ் அடிக்கணும், அது பெரிய செலவு" என்று கராஜ் பாஸ் வாப்பாவிடம் சொன்னார். இதைப் பழக்குவதில் பிழை விட்டால் இன்னொரு வாய்ப்பு இலேசில் கிடைக்காது என்பது அப்போதே எங்களுக்கு விளங்கிவிட்டது.

ஏன் பழக்க வேண்டும்? கடைந்த சிலிண்டர் சுவரைக் கண்ணாடிபோல் மழமழப்பாக விடமாட்டார்கள். 'ஹோனிங்' என்ற முறையில், பன் பாயின் பின்னல்போலக் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்களைப் போடுவார்கள். அந்தக் கீறல்களின் பள்ளங்களில் ஒயில் தங்கும். மேடுகளோ பிஸ்டன் றிங்கில் உரசித் தேயும். அவ்வாறு தேயும்போதுதான் றிங்கும் சுவரும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இந்தப் பொருத்தத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே நடந்து முடிந்துவிடும்.

இங்கேதான் பலருக்கும் ஒரு மயக்கம் வருகிறது. புது எஞ்சின் என்றால் மெதுவாக, நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிடுவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. றிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த இழுவிசை மட்டுமன்று. எரியும் வாயு றிங்கின் பின்புறம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. சுமையில்லாமல் ஓடும் எஞ்சினில் இந்த அமுக்கம் குறைவு. றிங் சரியாகப் படியாது. ஒயில் சுவரில் கருகி மினுக்கமான படலமாக ஒட்டி, கீறல்களை மூடிவிடும். பிறகு எத்தனை மைல் ஓடினாலும் புகை நிற்காது. மறுபுறம், முழு வேகத்தில் விரட்டினால் மேடுகள் சூடேறிக் கிழிபடும். ஆகவே இரண்டுக்கும் நடுவழியே சரியான வழி.

முதலில் ஒயில். பூட்டிய எஞ்சினின் உட்குழாய்கள் வெறுமையாக இருக்கும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றி, ஒயிலை எல்லா இடத்துக்கும் ஏற்ற வேண்டும். மொறிஸ் மைனரில் முன்பக்கத்தால் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி இருக்கிறது. முதல் சுற்றுகளை நானே சுற்றினேன். பிறகு ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒயில் விளக்கு அணைந்த பின்னரே பிளக்குகளைப் பூட்டினோம். றிங் படிய வேண்டும் என்பதால் சிந்தெற்றிக் ஒயிலைத் தவிர்த்துச் சாதாரண மினரல் ஒயிலையே ஊற்றினோம்.

அடுத்து, முதல் இருபது நிமிடம். இது கேம்முக்கான நேரம். புதுக் கேம்மும் அதில் உரசும் தட்டைகளும் கிராங்க் சுழன்று தெறிக்கும் ஒயிலால்தான் நனைகின்றன. மெதுவாகச் சுழன்றால் தெறிப்பு போதாது. எனவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றில் நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். இதை மூடிய கொட்டிலுக்குள் ஒருபோதும் செய்யக்கூடாது. புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் குருதியின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிணையும் நஞ்சு அது. நாங்கள் காரைத் திறந்த முற்றத்துக்குத் தள்ளி, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டோம். நான் ரேடியேற்றரையும் ஒயில் விளக்கையும் பார்த்திருந்தேன்.

அன்றே வீதிக்கு இறங்கினோம். கல்முனை வீதி மட்டமானது, எங்களுக்கு மேடு என்றால் பாலங்கள்தான். எனவே சுமையை வேகத்தால் உண்டாக்கினோம். மணிக்கு 30 கிலோமீற்றரிலிருந்து 60 வரை நிதானமாக ஏற்றுவது. பின் காலை எடுத்து, கியரிலேயே தானாக 30க்கு இறங்கவிடுவது. ஏற்றும்போது வாயு றிங்கை அழுத்துகிறது. இறங்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் உறிஞ்சலால் ஒயில் மேலேறி உராய்வுத் தூளைக் கழுவுகிறது. இப்படிப் பன்னிரண்டு தடவை செய்தோம். வீடு வந்து ஆறியதும் அந்த ஒயிலை வடித்தோம். வெயிலில் பிடித்துப் பார்த்தபோது வெள்ளிப் பொடி தூவியதுபோல் மின்னியது. அவ்வளவும் தேய்ந்த மேடுகள்.

பிறகு 500 கிலோமீற்றரில் ஒருமுறையும் 1000இல் ஒருமுறையும் ஒயிலை மாற்றினோம். முதல் மாற்றத்தின்போதே ஹெட் நட்டுகளை மீண்டும் முறுக்கி, வால்வு இடைவெளியை 0.30 மில்லிமீற்றருக்குச் சரிசெய்தோம். ஒவ்வொரு நாளும் ஓடிய தூரத்தையும் ஒயில் கம்பி காட்டிய அளவையும் நான் ஒரு கொப்பியில் குறித்தேன். முதல் இருநூறு கிலோமீற்றரில் ஒயில் சற்றுக் குறைந்தது. ஐந்நூறைத் தாண்டியபின் கம்பியில் கோடு அசையவேயில்லை.

இடையில் ஒரு சோதனையும் வந்தது. சொந்தத்தில் ஒரு கலியாணம். திருகோணமலை வரை காரை ஓட்டிப் போகலாமே என்று சாச்சா கேட்டார். அப்போது 150 கிலோமீற்றர்கூட ஓடியிருக்கவில்லை. வாப்பா அன்போடு மறுத்தார். சாச்சாவின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடுவதும் நிறைந்த பாரம் ஏற்றுவதும் இந்தக் கட்டத்தில் ஆகாதவை. அந்தக் காலத்துக் கைநூல்களும் முதல் 500 மைலுக்கு மணிக்கு 45 மைலைத் தாண்டாதீர்கள், முழு அக்சிலேற்றர் கொடுக்காதீர்கள், எஞ்சினைத் திணறவிடாதீர்கள் என்றுதான் சொல்லின. அன்றைய இங்கிலாந்தில் புதுக் காரின் பின் கண்ணாடியில் 'எஞ்சின் பழகுகிறது, தயவுசெய்து முந்திச் செல்லுங்கள்' என்று எழுதி ஒட்டுவார்களாம். முந்திச் செல்பவர்களைப் பார்த்து வெட்கப்படாத அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று முறை மாற்றினால் பத்து லீற்றருக்கு மேல் கழிவு ஒயில் சேர்கிறது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் மணல் திட்டில் நாம் வாழ்கிறோம். கிணறுகளும் ஆழமானவையல்ல. மணலில் ஊற்றும் ஒயில் நிலத்தடி நீரைத் தேடிப் போகும். வடிகானில் ஊற்றினால் வாவியைச் சேர்ந்து, நீர்மேல் படலமாய் விரிந்து, இறாலும் நண்டும் வளரும் இடத்தை மூடும். எங்கள் எஞ்சின் சுகமாக ஓட அயல்வீட்டுக் கிணறு கெடுவதா? அந்த ஒயில் முழுவதையும் கேன்களில் அடைத்து, சேகரிக்கும் கராஜ் ஒன்றில் ஒப்படைத்தோம்.

இப்போது வாப்பா முன்போலத் துணி மூட்டைகளோடு மண்முனைப் பாலம் ஏறுகிறார். பின்னால் புகை இல்லை. மூட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வருகிறார். உங்கள் வீட்டில் முச்சக்கர வண்டியோ மோட்டார் சைக்கிளோ தோணி எஞ்சினோ பிரித்துப் பூட்டப்பட்டால், சகோதரிகளே, ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நில்லுங்கள். தூரத்தையும் ஒயில் அளவையும் குறிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.