கருங்கல் தூசியும் சிற்பியின் நுரையீரலும்

மாமல்லபுரத்துப் பட்டறைகளில் கருங்கல்லை வெட்டிக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு இன்று கிரைண்டருடையது. வைரத்துகள் பதித்த பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. உளியால் நாள் முழுக்கப் பொளிய வேண்டியதைக் கொஞ்ச நேரத்தில் சீவித் தள்ளிவிடுகிறது. நுணுக்க வேலைக்குத்தான் கார்பைடு முனை வைத்த உளி கைக்கு வருகிறது.

உளி கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும். சில்லு காலடியில் விழுந்துவிடும். கிரைண்டர் கல்லை மாவாக்குகிறது. அந்த மாவில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியால் பெரிய ஆபத்து இல்லை, அதை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். கண்ணுக்கே தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்குகிறது. கிரானைட் வகைக் கற்களில் கால் பங்கோ அதற்கு மேலோ குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, இருப்பது சாதாரணம். அது தங்கிய இடம் தழும்பாக இறுகும். இதுதான் சிலிக்கோசிஸ். பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த பிறகே வெளிப்படும். தூசி மிகுந்தால் சீக்கிரமே வரும். குணமாக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் முற்றக்கூடும். இதே தூசியைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது.

குறித்த தேதியில் சிலையைக் கொடுக்க வேண்டிய சிற்பியிடம் மிஷினை விட்டுவிடுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. சொல்லவும் தேவையில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பார்ரி என்ற ஊர் கிரானைட்டுக்குப் பெயர்பெற்றது. காற்றழுத்த உளிகள் வந்தபின் அங்கே கல் வேலை செய்தவர்கள், இத்தாலியிலிருந்து போன தேர்ந்த சிற்பிகள் உட்பட, சிலிக்கோசிஸாலும் காசநோயாலும் இளவயதில் இறந்தார்கள். 1930-களின் இறுதியில் உளி முனைக்குப் பக்கத்திலேயே தூசியை இழுக்கும் உறிஞ்சு குழாய்களைப் பட்டறைகளில் பொருத்தினார்கள். அதன்பின் வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அந்த நோய் அரிதாகிப்போனது. கல்லையும் மாற்றவில்லை, கருவியையும் கைவிடவில்லை.

இங்கேயும் அதைச் செய்யலாம். கிரைண்டரில் மாட்டும் தூசி உறையும் வேக்குவமும் கடைகளில் கிடைக்கின்றன. தண்ணீர் விட்டு அறுப்பது இன்னொரு வழி. ஆனால் சாதாரணக் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும். அதற்கென்றே செய்த மிஷினும் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஈஎல்சிபியும் இருக்க வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வதும் துணி மாஸ்க்கும் இந்தத் தூசியைத் தடுக்காது. குறைந்தது என்95, அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் படிந்திருக்க வேண்டும். கம்ப்ரசர் காற்றால் உடம்புத் தூசியை ஊதித் தள்ளும் பழக்கத்தை இன்றே விடுங்கள். தூசி படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். பிளேடின் மேலுள்ள கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதும் வேண்டாம். பிளேடு உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும்.

மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் நிற்கவில்லை என்றால், டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது எத்தனை ஆண்டு, என்ன கல், என்ன மிஷின் என்பதை. எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்துவிட வாய்ப்புண்டு. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் செய்யும். சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும். அதனால் இரண்டுக்கும் பரிசோதனை கேளுங்கள்.

சட்டம் சிலிக்கோசிஸைத் தொழில்சார் நோய் என்று ஏற்கிறது. இஎஸ்ஐ இருந்தால் அதன் வழியாகவும், இல்லையென்றால் முதலாளியிடமிருந்தும் இழப்பீடு பெற உரிமை உண்டு. பல பட்டறைகளில் மாறி மாறி வேலை பார்த்தேனே, யாரைக் கேட்பது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. நோய் உண்டாக்கும் அந்த வேலையைக் கொடுத்த முதலாளிகள் எல்லோரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே சட்டம். இழப்பீடு கேட்கமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. சிக்கலே வேலை பார்த்ததை நிரூபிப்பதில்தான். கூலிச் சீட்டு, ஜிபே வரவு, பட்டறையில் எடுத்த போட்டோ எதையும் அழிக்காதீர்கள். கைவினைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அந்த அட்டையும் உங்கள் தொழிலைக் காட்டும் ஓர் ஆவணம். வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம்; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். விண்ணப்பத்துக்குக் காலக்கெடு உண்டு, நோய் உறுதியானதும் தாமதிக்காதீர்கள்.

கோயில் சிற்பிகள் நிறைந்த பிண்ட்வாரா இருக்கும் ராஜஸ்தான், 2019-இல் இந்த நோய்க்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. நோய்ச்சான்று பெற்றவருக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். 2015-இல் உலகக் கைவினை நகரம் என்ற பெயர் பெற்ற மாமல்லபுரத்தின் சிற்பிகளுக்கும் அதே அளவு தெளிவான ஏற்பாடு வேண்டும்.

பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒன்று. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் மானியத்தோடு கடன் கிடைக்கிறது. மிஷின் வாங்க விண்ணப்பிக்கும்போது, அதே கொட்டேஷனில் தூசி உறிஞ்சும் கருவியையும் சேர்த்து எழுதுங்கள்.