பிள்ளைத்தாச்சிக்கு மலேரியாக் குளிசை கொடுக்கலாமா?

1934–35இல் ஏறக்குறைய எண்பதாயிரம் உயிர்களைக் கொண்டுபோன மலேரியா, இலங்கையில் இப்போது இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அதை உறுதிசெய்தது. ஆனால் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்குக் கல்யாணப் புடவை எடுக்கச் சென்னை போவது சாதாரணம். ஆபிரிக்காவில் வேலை பார்க்கும் கணவனிடம் போகும் பெண்களும் உண்டு. சென்னையின் கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் பெருகும் நுளம்புக்கு அவர்களில் யார் கர்ப்பிணி என்பது தெரியாது. வீட்டிலோ, "பிள்ளைத்தாச்சிக்குக் குளிசை கூடாது" என்பார்கள்.

அந்தப் பயம் பாதிதான் சரி. ஃபல்சிபாரம் வகைக் கிருமி தொற்றிய இரத்த அணுக்கள் நச்சுக்கொடியில் போய்த் தேங்கிவிடும்; பிள்ளைக்குப் போகும் ஊட்டம் குறையும். கரு கலையலாம், பிள்ளை எடை குறைந்தோ இறந்தோ பிறக்கலாம். பெரும்பாலும் குளிசையைவிட நோயே கொடியது.

குளோரோகுயின் பல்லாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பழகிய மருந்து. வழக்கமான அளவில் அது கருவைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பல நாடுகளில் ஃபல்சிபாரம் அதற்கு அடங்குவதில்லை. அங்கே போகிறவர்களுக்கு மெஃப்ளோகுயின் கொடுப்பார்கள். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் அதைக் கொடுக்கலாம். நோயே வந்துவிட்டால், ஆர்டிமெதர்–லூமஃபன்ட்ரின் கூட்டு மருந்தை முதல் மூன்று மாதங்களிலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொல்லிவிட்டது. அதற்குமுன் அந்த மாதங்களுக்குக் குயினைன்தான். அது தாயின் இரத்தச் சீனியைச் சடுதியாக இறக்கக்கூடியது.

விலக்கவேண்டியவையும் உண்டு. பயணிகள் பரவலாக எடுக்கும் டொக்சிசைக்கிளின் பிள்ளையின் பற்களில் கறை படியச் செய்யலாம், எலும்பையும் பாதிக்கலாம். பிரைமாகுயின் ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களின் சிவப்பணுக்களை உடைக்கும். தாய்க்கு அந்தக் குறை இருக்கிறதா என்று சோதிக்கலாம், வயிற்றுப் பிள்ளையைச் சோதிப்பது எப்படி? அதனால் வைவாக்ஸ் என்ற மற்றொரு வகை மலேரியாக் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்தாலும், பிரைமாகுயினைப் பிரசவத்துக்குப் பிறகே கொடுப்பார்கள்.

கணவனுக்கு எழுதிக் கொடுத்த குளிசையில் பாதியை எடுத்துக்கொள்ளாதீர்கள். பயணத்துக்கு முன்பே நாரஹேன்பிட்டியிலுள்ள மலேரியா தடை இயக்கத்துக்குப் போய், போகும் நாட்டையும் எத்தனையாம் மாதம் என்பதையும் சொல்லுங்கள்; தடுப்பு மருந்து இலவசம். திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எங்கே போய் வந்தீர்கள் என்பதை டொக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.