வளர்ந்த நாயையும் கொஞ்சம் பாருங்கள்

நாய் வளர்க்க முடிவு செய்து காப்பகத்துக்குப் போகிற குடும்பங்கள் நேராகக் குட்டிகள் இருக்கும் பக்கம்தான் போகின்றன. இரண்டு மூன்று வயதான நாட்டு நாய்கள் கம்பிக்குப் பின்னால் வாலாட்டிக்கொண்டு நிற்கும். அவற்றைக் கேட்க ஆளிருக்காது. முதன்முறையாக நாய் வளர்க்கப்போகிறவர்களுக்குப் பொருத்தமானது அந்த வளர்ந்த நாய்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

குட்டி எப்படி வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்த நாயின் உயரம், சுறுசுறுப்பு, குழந்தைகளிடம் நடந்துகொள்ளும் விதம், தனியாக இருக்கப் பொறுக்குமா என்பதெல்லாம் தினமும் சோறு வைப்பவருக்குத் தெரியும். குட்டிக்கோ நாளுக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வேண்டும், ராத்திரி எழுந்து வெளியே கொண்டுபோக வேண்டும், பல் முளைக்கும் காலத்தில் செருப்பு முதல் சோபா வரை கடிபடும். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது நடக்கிற காரியமா?

பார்வோ என்ற வைரஸ் நோயையும் மறக்கக் கூடாது. தடுப்பூசி முடியாத குட்டிகளை ரத்தக் கழிச்சலில் சில நாட்களிலேயே கொன்றுவிடும் நோய் இது. தரையிலும் மண்ணிலும் அந்த வைரஸ் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். உங்கள் வீட்டில் சமீபத்தில் ஒரு நாய் பார்வோவில் இறந்திருந்தால், அங்கே புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசிகளை, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். ஒரு ஊசி போட்டாயிற்று என்று சொல்லிக் கொடுக்கப்படும் குட்டிக்கு இன்னும் முழுப் பாதுகாப்பு இல்லை.

காப்பகத்துக்கு ஒரு முறை போய்விட்டு முடிவெடுக்காதீர்கள். சென்னையில் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற பெரிய இடமானாலும், நாலைந்து தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய இடமானாலும் சரி, வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்துக்கொண்டு இன்னொரு நாள், இன்னொரு நேரத்திலும் போங்கள். பல நாய்கள் ஒன்றாகக் குரைக்கிற இடத்தில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாய், வெளியே பத்து நிமிடம் நடந்ததும் வேறு நாயாகிவிடும். ஆகவே பெல்ட் போட்டு வெளியே கூட்டிப்போய்ப் பாருங்கள். காதையும் பாதத்தையும் தொட விடுகிறதா என்று பராமரிப்பவர் செய்துகாட்டட்டும். யாரையாவது கடித்திருக்கிறதா, இதற்கு முன் எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டா, ஏன் கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் காத்திருப்பது நல்லது.

ஹஸ்கி, ராட்வைலர், லாப்ரடார் என்று காசு கொடுத்து வாங்கிக் கைவிடப்பட்ட நாய்களும் காப்பகங்களில் இருக்கின்றன. பனிப் பிரதேசத்து ஹஸ்கிக்குச் சென்னை வெயில் தண்டனைதான். நம் நாட்டு இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் இந்த வெயிலுக்குப் பழகியவை. ஆனால் வேட்டைக்கு ஓடிப் பழகிய வம்சம் என்பதால் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அடைத்தால் தவிக்கும். வெள்ளை ராஜபாளையம் என்றால் அது பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

நிரந்தரமாக எடுக்கத் தயக்கமா? ஃபாஸ்டர் எனப்படும் தற்காலிகப் பராமரிப்பு இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்த நாயையோ, காப்பகத்தில் இடமில்லாத நாயையோ சில வாரங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது. இதில் சச்சரவு வருவது பெரும்பாலும் பணத்தில்தான். மருத்துவச் செலவு யாருடையது, எவ்வளவு நாள், நள்ளிரவில் நாய்க்கு உடம்பு முடியாமல் போனால் எந்த டாக்டரிடம் போவது, வேறு வீடு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தத்து எடுக்கும்போது தடுப்பூசி அட்டை, கருத்தடை விவரம், ஒப்பந்தத்தின் நகல் மூன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும். நாயை நேரில் காட்டாமல், வண்டிச் செலவுக்கு முன்பணம் அனுப்புங்கள் என்று கேட்டால் அது மோசடி. ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்று வேண்டும். அடுக்குமாடிச் சங்கம் வளர்ப்பு நாயையே கூடாது என்று தடைபோட முடியாது என்பது விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு. உரிமைக்குப் பொறுப்பும் உண்டு. உங்கள் நாயால் பிறருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தும் அலட்சியமாக விட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தெரு நாயையே வீட்டோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக. 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி உத்தரவில் உச்ச நீதிமன்றம், உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றும், அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறது.

புது நாய் முதல் சில நாட்கள் சாப்பிடாமல் கட்டிலுக்கடியில் கிடக்கலாம். பயப்படாதீர்கள். சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டாதீர்கள், குளிப்பாட்டவும் அவசரப்படாதீர்கள். கதவு திறந்தால் ஓடிவிடும் காலமும் இதுதான். தீபாவளியை ஒட்டி எடுப்பதாக இருந்தால் பட்டாசு ஓயும் வரை தள்ளிப்போடுங்கள்.

பயத்தில் ஒரு கடி விழுந்தால், குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். டாக்டர் சொல்கிற நாட்களில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு மருத்துவத்தால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது.

எவ்வளவு பார்த்து எடுத்தாலும் சில நேரம் ஒத்துப்போகாது. வீட்டில் ஒருவருக்கு ஒவ்வாமை வரலாம், வேலை வேறு ஊருக்கு மாறலாம். அப்போது நாயைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டு வருவது குற்றம். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் இன்றும் 50 ரூபாய்தான் என்பது வெட்கக்கேடு. எடுத்த இடத்துக்கே போன் செய்து, தடுப்பூசி அட்டையோடு நாயைத் திரும்ப ஒப்படையுங்கள். அது என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், எந்த நேரத்தில் தனியாக இருக்க மறுத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதற்கு அடுத்த வீடு தேடுகிறவர்களுக்கு அந்தத் தாள் தேவைப்படும்.