வானத்து நீர்ச்சுழி

காவிரியில் புதுப்புனல் பெருகிவருங்கால் கல்லணை மதகருகே நிற்போர், நீர் சுழித்தோடுவதைக் காண்பர். சுழியின் ஆழத்தில் நிகழ்வது கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும், மிதந்துவரும் துரும்பொன்று சுழலும் திசையும் விரைவும் சுழியின் வலிமையைக் காட்டிவிடும்.

வானிலும் இத்தகைய சுழிகள் உள்ளன. மிகப் பெரும் பொருட்டிணிவு மிகச் சிறிய இடத்தில் ஒடுங்கினால், அதன் ஈர்ப்பினின்று ஒளியும் தப்ப இயலாது. அதுவே கருந்துளை. ஒளி வாராத பொருள் தோற்றம் பெறுவது எங்ஙனம்? அதனைச் சூழ்ந்து சுழலும் வெப்பமிக்க வாயுவே ஒளிர்கின்றது.

அவ்வாயு, கதிரவனைச் சுற்றும் கோள்களைப்போல என்றும் சுற்றிக்கொண்டே இராமல் உள்ளே வீழ்வது ஏன்? காந்தப் புலமே அதற்குக் காரணம். உள்வட்டத்து வாயு விரைந்தும், வெளிவட்டத்து வாயு மெல்லவும் சுற்றும். இரண்டையும் காந்தப் புலம், இழுத்தால் நீளும் கயிறுபோலப் பிணைக்கின்றது. அதனால் உள்வட்டத்து வாயு தன் சுழற்சியை வெளிவட்டத்திற்குப் பறிகொடுத்து உள்ளே வீழ்கின்றது.

சுழலும் பாய்பொருளில் காந்தப் புலம் விளைக்கும் இக்குலைவை, 1959-இல் சோவியத்து அறிஞர் வெலிகோவும், 1960-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரும் கணித்துரைத்தனர். வான்சுழிகளுக்கும் அது பொருந்தும் என்பது 1991-இல் விளக்கப்பட்டது.

கருந்துளையின் சுழற்சியும் அதன் தோற்றத்தை மாற்றும். சுழலும் கருந்துளை, தன்னைச் சூழ்ந்த வெளியையே உடன் இழுத்துச் சுழற்றுகின்றது. உழவர் வைக்கோற்புரி திரிப்பதுபோல, அச்சுழற்சி காந்தப் புலத்தை முறுக்குகின்றது. அம்முறுக்கின் வலிமையால் ஒளிமிக்க தாரைகள் பீறிட்டெழும் என்பர் அறிஞர்.

2019 ஏப்ரல் 10-ஆம் நாள் கருந்துளையொன்றின் முதற்படம் வெளியாயிற்று. எம் 87 என்னும் விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள அது, கதிரவனைப்போல் ஏறத்தாழ 650 கோடி மடங்கு பொருட்டிணிவு உடையது. இருண்ட நடுவைச் சுற்றி ஓர் ஒளிவளையம் தோன்றியது. அதன் தென்புறம் மிகுதியாக ஒளிர்ந்தது; அங்கே வாயு பூமியை நோக்கி விரைந்து வருவதே காரணம். அவ்வொளியலைகள் அதிரும் திசையை ஆராய்ந்து, வளையத்தருகே வலிய காந்தப் புலம் ஒழுங்குற அமைந்திருப்பதை 2021-இல் அறிஞர் வெளியிட்டனர். துரும்பு சுழியை உணர்த்துவதுபோல, ஒளியலை காந்தப் புலத்தை உணர்த்திற்று!

சந்திரசேகர் 1995-இல் மறைந்தார். அப்படத்தைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. ஆயினும், கணக்கின் துணையால் அவர் கண்ட உண்மை, வான்சுழிகளை விளங்கிக்கொள்ள இன்றும் துணைநிற்கின்றது. கண் காணாததையும் கருத்துக் காணும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?