முடி கொத்துக் கொத்தா கொட்டுது... மருந்தை இப்பவே ஆரம்பிக்கணுமா?

(எபிசோடில் பேசியது, படிப்பதற்கு ஏற்றபடி திருத்தித் தரப்பட்டுள்ளது.)

தலைக்குக் குளிச்சா பாத்ரூம் வடிகால் அடைக்குது, தலையணை முழுக்க முடி, சீப்பைக் கையில எடுக்கவே பயம். இந்த நிலைமையில இருக்கீங்கன்னா இன்றைய எபிசோடு உங்களுக்குத்தான். கேள்வி ஒன்றே ஒன்று: "மினாக்ஸிடில் ஆரம்பிக்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிடறேன். எதனால் கொட்டுகிறது என்று தெரிவதற்கு முன்னால் ஆரம்பிக்காதீங்க. முடி உதிர்வில் ஒரு வகை, காரணம் சரியானதும் தானாக நின்று, தானாகத் திரும்ப வளர்ந்துவிடும். இன்னொரு வகைக்கு வருஷக்கணக்கில் மருந்து வேண்டும். முதல் வகைக்கு இரண்டாவது வகையின் மருந்தைப் போட்டால் என்ன சிக்கல் வரும், ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கறதுன்னு பேசலாம்.

மூணு மாசம் முன்னாடி என்ன நடந்தது?

நம் தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடிக்கும் தனிக் காலக்கணக்கு உண்டு. 2 முதல் 6 வருஷம் வளரும். பிறகு 2, 3 வாரத்தில் வளர்ச்சி அடங்கும். அப்புறம் சுமார் 3 மாதம் சும்மா இருந்துவிட்டு விழும். அதே இடத்தில் புது முடி முளைக்கும். சாதாரண நாட்களில் 85 முதல் 90 சதவீத முடி வளரும் கட்டத்தில்தான் இருக்கும். மீதி ஓய்வில் இருக்கும். அதிலிருந்து ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்புதான்.

உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வரும்போது இந்தக் கணக்கு குலைகிறது. கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், எடையைப் படுவேகமாகக் குறைக்கும் டயட், பெரிய துக்கம், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு என்று காரணம் பலவாக இருக்கலாம். வளர்ந்துகொண்டிருந்த முடியில் பெரிய பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக் காலம் சுமார் 3 மாதம் என்பதால், விழுவதும் 2, 3 மாதம் கழித்துத்தான். இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டெலோஜென் எஃப்ளூவியம். 1961இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் இதை விவரித்து எழுதினார்.

அந்த 3 மாத இடைவெளிதான் நம்மை ஏமாத்துது. சென்னையில் மழைக்காலத்தோடு டெங்குவும் வருது. நவம்பர்ல காய்ச்சல் வந்து, சரியாகி, ஆபீஸுக்கும் போயாச்சு. பிப்ரவரியில் முடி கொட்டும்போது அந்தக் காய்ச்சல் ஞாபகத்துக்கே வராது. "போன வாரம் ஷாம்பு மாத்தினேன்", "பிஜியில போர் தண்ணி" என்று கண்ணுக்கு முன்னால் இருப்பதன் மேல் பழியைப் போடுவோம். உப்புத் தண்ணியில் குளித்தால் முடி சொரசொரப்பாகலாம், நடுவில் உடையலாம். ஆனால் திடீரென்று வேரோடு கொத்தாகக் கொட்டினால், தண்ணியை விட்டுட்டு காலண்டரைப் பாருங்க.

எந்த வகைன்னு எப்படித் தெரியும்?

தற்காலிக உதிர்வு திடீரென்று ஆரம்பிக்கும். "இந்த மாசத்துலேர்ந்துதான்" என்று உங்களால் சொல்ல முடியும். தலை முழுக்கப் பரவலாகக் கொட்டும். விழும் முடியின் நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கும். அதைப் பார்த்து "வேரே போச்சு"ன்னு பதற வேண்டாம். அது ஓய்வு முடிந்த முடியின் அடிப்பகுதி. வேர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கு.

பரம்பரை வழுக்கை அப்படி வராது. அது மெதுவாக, வருஷக்கணக்கில் நடக்கும். ஆண்களுக்கு நெற்றி ஓரங்கள் பின்வாங்கும், உச்சந்தலை தெரியும். பெண்களுக்கு வகிடு அகலமாகும். அங்கே முடி விழுவதைவிட, முடி மெலிந்துகொண்டே போவதுதான் விஷயம். கட்டை நூல் மாதிரி இருந்தது பூனை முடி மாதிரி ஆகிவிடும்.

சிக்கல் என்னன்னா, ரெண்டும் ஒரே தலையில் சேர்ந்து வரலாம். மெதுவாக நடந்துகொண்டிருந்த வழுக்கையை ஒரு காய்ச்சல் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். அதனால்தான் ஆப்பில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி ஒரு கிட் வாங்குவது போதாது. தோல் மருத்துவர் ஒருத்தர் டெர்மாஸ்கோப் வச்சு நேரில் பார்த்தால், முடி மெலிகிறதா, வெறுமனே உதிர்கிறதா என்று பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

மருந்து என்ன செய்யும்?

மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். 1988இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பரம்பரை வழுக்கைக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒண்ணு, ஆரம்பித்த முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். ரெண்டு, நிறுத்தினால் அது பிடித்து வைத்திருந்த முடி சில மாதங்களில் போய்விடும்.

இப்போ ஒரு உதாரணம். 26 வயசுப் பையன், நவம்பரில் டெங்கு, பிப்ரவரியில் உதிர்வு. பயந்துபோய் மினாக்ஸிடில் தடவுகிறார். முதல் மாதம் இன்னும் அதிகமாகக் கொட்டுகிறது. ஜூனில் நின்றுவிடுகிறது. "மருந்து காப்பாத்திடுச்சு" என்று நம்புகிறார். மருந்து தடவாமல் இருந்தாலும் அநேகமாக ஜூனில் நின்றிருக்கும். ஆனா அதை அவர் இனிமே எப்படித் தெரிஞ்சுக்க முடியும்? நிறுத்திப் பார்க்கிறார், மறுபடி கொஞ்சம் கொட்டுகிறது. "பாத்தியா, மருந்து இல்லாம நம்மால முடியாது" என்று திரும்ப ஆரம்பிக்கிறார். சில மாதங்களில் முடிய வேண்டிய பிரச்சினை, மாதாமாதம் செலவாகவும் பயமாகவும் நீள்கிறது.

ஃபினாஸ்டரைடு வேறு மாதிரி. அது ஆண்களின் பரம்பரை வழுக்கைக்குக் காரணமான டிஹெச்டி ஹார்மோனைக் குறைக்கும். காய்ச்சலாலோ இரும்புச்சத்துக் குறைவாலோ வரும் உதிர்வுக்கு டிஹெச்டி காரணமே இல்லை. சிலருக்குப் பாலியல் ஆர்வம் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரலாம். தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிப்படுத்தியது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஏற்கெனவே மன அழுத்தத்தில் இருக்கும் ஒருவர் டாக்டரைப் பார்க்காமல் இதைத் தொடங்குவது நல்லதில்லை.

தேவைப்படுகிறவர்களுக்கு ரெண்டுமே நல்ல மருந்துதான். தேவை இருக்கா என்பதுதான் கேள்வி.

சத்து மாத்திரையாவது போடலாமா?

முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், தேவைப்பட்டால் வைட்டமின் டி, பி12. இதில் ஃபெரிட்டினை விட்டுடாதீங்க. அது உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பைக் காட்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாக இருக்கலாம். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் உள்ள பெண்களிடம் இது சகஜம். குறைவு இருந்தால் அதைச் சரிசெய்வதுதான் முடிக்கான சிகிச்சையே. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு மட்டும் சேர்க்காதீங்க, உடம்பில் சரியாக ஏறாது.

குறைவே இல்லாமல் அள்ளிப் போட்டால்? வைட்டமின் ஏ, செலினியம் ரெண்டும் அளவு மீறினால் அதுவே முடியைக் கொட்ட வைக்கும். கம்மீஸ்களில் இருக்கும் பயோட்டின் குறைபாடு அரிது. அதை அதிக அளவில் சாப்பிடும்போது தைராய்டு டெஸ்ட் முடிவே தப்பாக வரலாம். பரிசோதனைக்குப் போகும் முன் லேபிலும் டாக்டரிடமும் அதைச் சொல்லிடுங்க.

அப்போ எவ்வளவு நாள் காத்திருக்கறது?

வழக்கமாக, காரணம் நீங்கினால் உதிர்வு 6 மாதத்துக்குள் அடங்கும். ஆனால் முடி மாதம் சுமார் 1 செ.மீ.தான் வளரும். அதனால் உதிர்வு நின்ற பிறகும் பின்னல் மெலிசாகத்தான் இருக்கும். பழைய அடர்த்தி தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். பலர் பொறுமை இழப்பது இங்கேதான். நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாக நிமிர்ந்து நிற்கும் புது முடி தெரிகிறதா என்று பாருங்க. அது நல்ல செய்தி.

மாதம் ஒரு முறை, அதே இடம், அதே வெளிச்சம், அதே வகிடு வைத்து ஒரு போட்டோ எடுங்க. தினமும் முடியை எண்ணுவது கவலையைத்தான் வளர்க்கும்.

காத்திருக்கக் கூடாத சமயமும் உண்டு. காசு மாதிரி வட்டமாக முடி போவது, அதாவது புழுவெட்டு. தலையில் சீழ், செதில், வலி, தழும்பு. மாதவிடாய் தவறுவதோடு முகத்தில் முடி வளர்வது. 6 மாதம் தாண்டியும் நிற்காத உதிர்வு. வகிடு அகலமாவது, நெற்றி ஏறுவது. இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்க. பரம்பரை வழுக்கை உறுதியானால் அங்கே தாமதம்தான் நஷ்டம். மெலிந்த முடியை மீட்பதைவிட, இருப்பதைக் காப்பது சுலபம். அப்போது மினாக்ஸிடில் தொடங்க எந்தத் தயக்கமும் வேண்டாம். கர்ப்பம், தாய்ப்பால் காலத்தில் மட்டும் கூடாது. வீட்டில் பூனை இருந்தால், மருந்து தடவிய தலையை அது நக்காமல் பார்த்துக்குங்க. பூனைக்கு அது விஷம்.

டாக்டரிடம் மூணு கேள்வி கேளுங்க. இது எந்த வகை உதிர்வு? என்ன காரணம்னு நினைக்கறீங்க? மருந்து எழுதினால், எத்தனை நாளுக்கு, எப்போ நிறுத்துவோம்? மூணுக்கும் பதில் கிடைச்ச பிறகு எடுக்கும் முடிவு, பாட்டிலைத் திறப்பதோ மூடி வைப்பதோ, எதுவாக இருந்தாலும் அது பயத்தில் எடுத்த முடிவாக இருக்காது.

உங்க நண்பர் யாராவது காய்ச்சல் வந்து மூணு மாசம் கழிச்சு முடியைப் பார்த்துப் புலம்பினால், இந்தப் பக்கத்தை அவங்களுக்கு அனுப்பிடுங்க.