மாத்திரை வந்தது, மருத்துவம் வந்ததா?

தமிழில் கீழ்ப்பாக்கம் என்பது ஊர்ப் பெயர் மட்டுமல்ல, வசவும்கூட. “இவனக் கீழ்ப்பாக்கத்துலதான் சேக்கணும்” என்று நாமே எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம். 1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட பைத்தியக்கார விடுதியின் வழிவந்த நிறுவனம் அது. நோயாளியைக் குணப்படுத்துவது அதன் ஒரு வேலை. சுவருக்கு வெளியே இருப்பவர்களெல்லாம் தெளிந்த புத்திக்காரர்கள் என்று நம்மை நம்பவைப்பது இன்னொரு வேலை.

அந்தச் சுவருக்குள் இருந்த சிறப்பு மருத்துவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இறக்கிக் கொண்டுவரும் முயற்சி இந்தியாவில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. இறங்கி வந்தது எது, வராமல் நின்றது எது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

1

1978இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மே மாதம் இத்தாலியில் 180ஆம் எண் சட்டம் நிறைவேறியது. மனநோய் மருத்துவமனைகளில் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, அவற்றைப் படிப்படியாக மூட வேண்டும் என்றது அது. அதன் பின்னால் இருந்தவர் பிராங்கோ பசாக்லியா என்ற மனநல மருத்துவர். திரியெஸ்தே நகரில் மருத்துவமனைக் கதவுகளைத் திறந்துவிட்டவர். உள்ளே சும்மா வேலை வாங்கப்பட்டவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கூலி பெற்றார்கள். நகருக்குள் 24 மணி நேரமும் திறந்திருக்கும் மனநல மையங்கள் வந்தன.

செப்டம்பரில் அல்மா ஆட்டா மாநாடு. எல்லோருக்கும் நலவாழ்வு, அதற்கு வழி ஆரம்ப நிலை மருத்துவம் என்று அது அறிவித்தது.

இந்தியா இரண்டாவதை எடுத்துக்கொண்டது. முதலாவதைத் தொடவில்லை. மருத்துவமனைச் சுவர் அப்படியே நிற்க, அதன் ஒரு பகுதி வேலை மட்டும் கிராமத்துக்கு அனுப்பப்பட்டது. பிற்பாடு வந்த சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2

காரணம் நியாயமானதுதான். இன்றுகூட இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கிடையாது. எழுபதுகளின் நடுவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் சகலவாராவிலும், சண்டிகர் மருத்துவர்கள் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும் சோதனைகளைத் தொடங்கினார்கள். 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1985 முதல் 1990 வரை, ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழ்ந்த பெல்லாரி மாவட்டத்தில் ஒரு மாதிரி உருவானது. சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டருக்கும் சுகாதார ஊழியருக்கும் குறுகிய காலப் பயிற்சி, சில முக்கிய நோய்கள், சில மருந்துகள், ஒரு பதிவேடு. நிபுணர் மேற்பார்வை பார்ப்பார். இதை ஒட்டி 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்தது திருச்சி மாவட்டத்துக்கு.

ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி மாவட்டத் தலைநகருக்குப் போகிறாள். அந்த மாத்திரை பக்கத்து ஊரிலேயே கிடைத்தால் அவளுக்கு அது சின்ன விஷயமல்ல. கண்காணிப்பின் வலை கிராமம் வரை நீள்கிறது என்று பூக்கோவைக் காட்டி இதை ஒதுக்கிவிடுவது நமக்குச் சுலபம். பஸ் ஏறுகிறவள் அவள்தானே, நாமில்லையே.

3

ஆனால் மருத்துவமனையில் இருந்தவை மூன்று: மருந்து, நோய்க்குப் பெயர் வைக்கும் அதிகாரம், உட்கார்ந்து கேட்பதற்கான நேரம். இறங்கி வந்தது முதலாவது மட்டும். உத்தரப் பிரதேசத்தில் இத்திட்டத்தைக் கூடவே இருந்து கவனித்த சுமீத் ஜெயினும் சுஷ்ருத் ஜாதவும் 2009இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, கொள்கையை விழுங்கிய மாத்திரைகள் என்று பொருள்படும். சமூகப் பங்கேற்பு என்று காகிதத்தில் இருந்தது, களத்தில் மாத்திரை விநியோகமாகச் சுருங்கிவிட்டதை அவர்கள் காட்டினார்கள்.

நம் புறநோயாளிப் பிரிவை நினைத்துப் பாருங்கள். “உடம்பெல்லாம் வலிக்குது, தூக்கம் வரல” என்கிறாள் ஒருத்தி. வரிசையில் பின்னால் அறுபது பேர். வலிக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, “அடுத்து யாரு?” புருஷனின் குடி, மாமியார் வீடு, கடன் எதுவும் அந்தச் சீட்டில் ஏறாது. அவள் வாய்திறந்து சொல்லவும் முடியாது. பக்கத்தில் நிற்பவள் அதே தெருக்காரி. அருகில் இருப்பதாலேயே ஒரு இடம் பாதுகாப்பானதாகிவிடாது. ஊரும் ஒரு நிறுவனம்தான், அதற்கும் சாதியின் கண் உண்டு.

திருச்சியில் திட்டம் தொடங்கிச் சில ஆண்டுகளில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதிக் கொட்டகை எரிந்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். அதன் பிறகு அங்கிருந்த விடுதிகள் மூடப்பட்டன. இருந்தவர்களில் ஒரு பகுதியினர் கொண்டுசெல்லப்பட்ட இடம் எது? கீழ்ப்பாக்கம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்திருக்கிறது, சமூகத்துக்குள்ளேயே சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. அதற்குச் சற்று முன்பு, 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது.

4

கேட்பதையும் கீழே கொண்டுவர முடியாதா? கோவாவில் விக்ரம் பட்டேல் குழு செய்து பார்த்தது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களோடு பேசுவதற்கென்றே சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள். தேவைப்பட்டால் டாக்டரின் மருந்து, பின்னால் ஒரு நிபுணர். 2010இல் முடிவுகள் வந்தன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் குணமடைந்தவர்கள் கூடினார்கள். தனியார் மருத்துவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘பணியைப் பகிர்தல்’ என்ற பெயரில் நிபுணரின் வேலை கிராம சுகாதாரச் செவிலியின் தலையில் இன்னொரு பதிவேடாக இறங்கலாம். சம்பளமும் மதிப்பும் மேலேயே தங்கிவிடும். வேலையை இறக்குகிறவர்கள் அதிகாரத்தையும் இறக்குகிறார்களா என்று கேட்காமல் இந்தத் திட்டங்களைப் பாராட்டவோ திட்டவோ கூடாது.

அடுத்த முறை உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது மூன்றைக் கவனியுங்கள். மனநோய் மருந்து மாதாமாதம் இருப்பில் இருக்கிறதா? பேச வந்தவளுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கிறதா? கேட்க உட்கார்ந்திருப்பவருக்கு அதற்கென்று சம்பளம் உண்டா? இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேட்கலாம்.