மெலிந்த குதிரைக்கு வாளி நிறையக் கொள்ளு வைக்கலாமா? நோய், அறுவை சிகிச்சைக்குப் பின் தீவனம் அளிக்கும் முறை

திருப்பதி: நோயுற்று எலும்பும் தோலுமாக நிற்கும் குதிரையைக் கண்டால், வாளி நிறையக் கொள்ளு வைத்து விரைவில் தேற்றிவிட வேண்டும் என்றே வளர்ப்பவரின் மனம் நினைக்கும். ஆனால், நீண்ட நாள் பட்டினி கிடந்த குதிரைக்கும் குடல் அறுவை சிகிச்சை முடிந்த குதிரைக்கும் அந்த முதல் வாளியே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். எந்தத் தீவனத்தை, எந்த அளவில், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்பது மருந்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது என்கிறது கால்நடை மருத்துவம்.

திருமலை பிரம்மோற்சவ வாகன சேவைகளில் யானை, காளைகளுடன் குதிரைகளும் முன்செல்வது வழக்கம். 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி, 2005-இல் உருவான ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இன்று இயங்கி வருகிறது. எனினும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கிராமப்புறங்களில் மாடும் ஆடுமே பெரும்பான்மை, குதிரை அரிது.

நாடு முழுவதும் இதே நிலைதான். 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குதிரைகள், மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை சுமார் 3.4 லட்சம். இது 2012-ஆம் ஆண்டைவிட 45 விழுக்காட்டுக்கும் மேல் குறைவாகும். குதிரைகள் குறையக் குறைய, அவற்றைப் பேணும் அனுபவ அறிவும் குறைந்துகொண்டே வருகிறது.

மாட்டின் வயிறு வேறு, குதிரையின் வயிறு வேறு

மாட்டைப் போல் குதிரை அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை உடல் அளவுக்குச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரை மட்டுமே கொள்ளும். உண்டதை வாந்தியாக வெளியேற்றவும் அதனால் இயலாது. புல்லின் நார்ச்சத்தை நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும் பணி பெருங்குடலில் நடைபெறுகிறது.

எனவே, குதிரையின் உடல் அமைப்புக்கு ஏற்றது சிறிது சிறிதாக, நாள் முழுவதும் மேய்வதே ஆகும். ஒரே வேளையில் அதிக தானியம் கொடுத்தால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலைச் சென்றடைந்து அமிலத்தன்மையை உண்டாக்கும். கோலிக் எனப்படும் கடும் வயிற்று வலியும், லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியும் இதன் விளைவுகளாகும்.

பட்டினிக்குப் பின் வரும் ஆபத்து

பட்டினி கிடக்கும் உடல் முதலில் கொழுப்பையும் பின்னர்த் தசையையும் எரித்து உயிரைக் காத்துக்கொள்கிறது. இந்நிலையில் மாவுச்சத்து மிகுந்த தீவனம் திடீரெனக் கிடைத்தால், இரத்தத்தில் இன்சுலின் சுரப்பு உயர்கிறது. அதனால் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய தாது உப்புகள் இரத்தத்திலிருந்து செல்களுக்குள் இழுக்கப்படுகின்றன. இரத்தத்தில் அவற்றின் அளவு வெகுவாகக் குறைந்து, இதயமும் சிறுநீரகமும் மூச்சு இயக்கமும் செயலிழக்க நேரிடும்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் மீட்கப்பட்ட போர்க் கைதிகள், உணவு கிடைத்த பின்னர் உயிரிழந்தபோது மருத்துவ உலகம் கவனித்ததும் இதே பாதிப்பைத்தான். குதிரைகளில் இது முதல் தீவனத்துக்குச் சில நாள்கள் கழித்தே வெளிப்படுகிறது. ஆகவே, தேறி வருவதுபோல் தோன்றிய குதிரை திடீரென வீழ்ந்ததற்கு முதல் நாள் வைத்த தீவனமே காரணம் என்பது பலருக்கும் புலப்படுவதில்லை.

முதல் பத்து நாள்கள்

அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்நடை அறிவியலாளர்கள், பட்டினியால் மெலிந்த குதிரைகளுக்குப் பல்வேறு தீவனங்களைக் கொடுத்து ஆய்வு செய்தனர். அவற்றுள் அல்ஃபால்ஃபா எனப்படும் தீவனப் பயிரின் உலர்புல்லே பாதுகாப்பானதாகக் கண்டறியப்பட்டது. தமிழில் அதன் பெயரே குதிரை மசால் என்பது குறிப்பிடத்தக்கது. அதில் மாவுச்சத்து குறைவு. புரதம், பாஸ்பரஸ், மக்னீசியம் ஆகியவை அதிகம்.

அந்த ஆய்வை ஒட்டிய பரிந்துரை, சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரைக்கானது. முதல் மூன்று நாள்களுக்கு, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ அரை கிலோ உலர்ந்த குதிரை மசால் மட்டும் கொடுக்க வேண்டும். நான்காம் நாள் முதல் பத்தாம் நாள் வரை, ஒவ்வொரு வேளையின் அளவையும் மெல்ல உயர்த்தி, வேளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். பத்து நாள்களுக்குப் பின், குதிரை விரும்பும் அளவுக்கு உலர்புல் வைக்கலாம். தூய குடிநீர் எந்நேரமும் இருக்க வேண்டும். உடல் பழைய எடைக்குத் திரும்ப 3 முதல் 5 மாதங்கள் வரை ஆகலாம்.

எடையை அறிவது எப்படி?

நம் பகுதிக் குதிரைகள் பலவும் இதைவிடச் சிறியவை என்பதால், எடைக்கு ஏற்ப அளவைக் குறைப்பது அவசியம். எடை மேடை இல்லாத இடங்களில் அளவு நாடாவே போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் தோராய எடை கிலோவில் கிடைக்கும்.

சுற்றளவு 150 செ.மீ., நீளம் 135 செ.மீ. எனில் எடை ஏறத்தாழ 255 கிலோ. அத்தகைய குதிரைக்கு முதல் மூன்று நாள்களில் ஒரு வேளைக்குச் சுமார் 250 கிராம் உலர்புல் போதுமானது.

அறுவை சிகிச்சைக்குப் பின்

2016 மார்ச்சில் டேராடூனில் காலில் பலத்த காயமடைந்த உத்தராகண்ட் காவல்துறைக் குதிரை சக்திமானுக்கு, காலை அகற்றிச் செயற்கைக் கால் பொருத்தப்பட்டது. எனினும் அது ஏப்ரல் 20 அன்று உயிரிழந்தது. குதிரையைப் பொறுத்தவரை அறுவை சிகிச்சை முடிவது பாதி வழி மட்டுமே என்பதை நாடு அன்று கண்டது. மீதி வழியில் தீவனத்துக்குப் பெரும் பங்குண்டு.

குடல் அறுவை சிகிச்சையில், குடல் மீண்டும் இயங்கத் தொடங்கியதை மருத்துவர் உறுதி செய்த பிறகே தீவனம் தொடங்கப்படும். முதலில் சிறிதளவு நீர், பின்னர் 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடியளவு பசும்புல் அல்லது மென்மையான உலர்புல் என அது படிப்படியாக உயரும். சிறுகுடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கியிருந்தால், இன்னும் மெதுவாகவே செல்ல வேண்டும். தானே உண்ண இயலாத குதிரைக்கு மூக்கு வழியாகச் செலுத்தப்படும் குழாய் மூலம் கூழ் நிலையில் தீவனம் அளிக்கப்படுகிறது. இதை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும். குழாய் தவறி மூச்சுக்குழலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து.

கால் அறுவை சிகிச்சையின் நிலை வேறு. அக்குதிரையின் குடல் நலமாக இருப்பினும், அது வாரக்கணக்கில் லாயத்திலேயே நிற்கிறது. உழைப்பு இல்லாதபோது பழைய அளவிலேயே தானியம் வைத்தால், குளம்பு அழற்சிக்கு அதுவே வழிவகுக்கும். எனவே, தானியத்தைக் குறைத்து உலர்புல்லைப் பெருக்குவதே முறை.

கழுதைகளுக்கும் மட்டக்குதிரைகளுக்கும் தனிக் கவனம்

கழுதைகளும் மட்டக்குதிரைகளும் நோயின்போது உண்ண மறுத்தால், உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு இரத்தத்தில் மிகுதியாகக் கலந்து கல்லீரலைப் பாதிக்கும். கொழுத்தவையும் சினையுற்றவையும் எளிதில் இதற்கு இலக்காகின்றன. இவற்றைத் தொடர்ந்து பட்டினி போடுவதும் ஆபத்து என்பதால், ஒரு நாள் உண்ணாவிட்டாலே மருத்துவரை அணுகுவது நல்லது.

கொள்ளுக்கு எப்போது இடம்?

'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்பது குதிரையைப் பற்றிய பழமொழி. ராயலசீமையின் மானாவாரி நிலங்களில் விளையும் கொள்ளில் 20 விழுக்காட்டுக்கும் மேல் புரதம் உண்டு. தசை வளரவும் புண் ஆறவும் புரதம் தேவை என்பதால், கொள்ளை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் மாவுச்சத்தும் கணிசமாக உள்ளது. ஆகவே, உலர்புல்லை நன்கு உண்டு செரிக்கும் நிலையை எட்டிய பிறகு, மருத்துவரின் ஒப்புதலுடன், ஊறவைத்து வேகவைத்த கொள்ளைச் சிறிதளவில் தொடங்குவதே பாதுகாப்பானது.

சித்தூர் பகுதியில் எளிதில் கிடைக்கும் நிலக்கடலைக் கொடியும் சத்துள்ள தீவனமே. எனினும் பூஞ்சை பிடித்த கொடியைக் கொடுக்கவே கூடாது. வைக்கோலில் சத்து குறைவு என்பதால் அதை மட்டுமே நம்புவதும், கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பன்மடங்கு மிகுந்த கோதுமைத் தவிட்டை நாள்தோறும் அதிகம் சேர்ப்பதும் ஏற்றதல்ல.

உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்

தீவனத்தை மறுப்பது, லத்தி போடாதிருப்பது, வயிற்றைத் திரும்பிப் பார்த்துக் காலால் தரையைக் கிளறுவது, தரையில் புரள்வது, தள்ளாடுவது, குளம்பில் சூடு தெரிவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் தீவனத்தை நிறுத்திவிட்டு, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். ஆந்திரா, தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி சேவையை அழைக்கலாம். மருத்துவர் வந்ததும், குதிரை கடைசியாக எப்போது, எதை, எவ்வளவு உண்டது என்பதைத் தெரிவித்தால், சிகிச்சையை விரைந்து தொடங்க அது துணைபுரியும்.